திறக்காமல் படிப்பவர்கள்

எதை எதில் சொல்ல வேண்டும் என்பதை முதலில் எதில் சொல்வது என்று முடிவு பண்ணுவதற்குள்ளேயே சுகந்திக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மெயிலில் போட்டால் தையல் பிரிவில் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் காலை வணக்கம் ரோஜாக்களுக்கு நடுவில் நசுங்கிப்போகும். கணக்கு ஆப்பில் போட்டால் கணக்குப் பிரிவோடு நின்றுவிடும். மாப்பிள்ளை ஆப்பில் போட்டால், மாப்பிள்ளை ஆப் என்று நினைத்த உடனேயே பின்கழுத்தில் ஒரு நரம்பு சுண்டியது, சரி, மீட்டிங் போட்டே சொல்லித் தொலைக்கலாம் என்று தீர்மானித்து, மீட்டிங் இருக்கிற விஷயத்தை நான்கிலும் போட்டாள். போட்டு என்ன பிரயோஜனம், காலையிலிருந்து ஆளாளுக்குப் போன் பண்ணி, மேடம், ஏதோ மீட்டிங்காமே, எதிலேயோ பார்த்தேன், எதில் என்றுதான் ஞாபகமில்லை, எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். மூன்று மணிக்கு, மூன்று மணிக்கு, மூன்று மணிக்கு. இப்போது மூன்றாகப் போகிறது, மாடி மீட்டிங் அறையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. கீழே அயர்ன் பண்ணுகிற இடத்திலிருந்து ஆவி வாசனை ஏறி வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினவளுக்கு அந்த வாசனை தெரியவே கூடாது, ஆனால் இன்றைக்குத் தெரிந்தது, இன்றைக்கு எல்லாமே தெரிந்தது, ஏ.சி.யிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீர், மேஜைக் கண்ணாடி மேல் படிந்திருந்த பஞ்சுத் தூசி, துப்பட்டா ஓரத்தில் பிரிந்து தொங்குகிற ஒரு நூல். அந்த ஏ.சி. ரிப்பேரைக்கூட நான்கில் மூன்றில் சொல்லியாகிவிட்டது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள என்று வேலைக்கு எடுத்தார்கள், இப்போது சார்ஜ் போடக்கூடிய எல்லாமே அவள் தலையில், சார்ஜ் போட முடியாத மனிதர்களும் அவள் தலையில்.

புரொஜெக்டர் வெளிச்சம் சுவரில் விழுந்தது. அதில் அவள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த பக்கம். மேலே பெரிய எழுத்தில், எந்தத் தகவலை எங்கே அனுப்புவது. கீழே நான்கு கட்டம். பார்க்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பொருத்துக என்று கொடுப்பார்களே, அந்த மாதிரி. வாழ்க்கையில் யார் எதைப் பொருத்தினார்கள். போன வாரம் கட்டிங் மாஸ்டர் லீவு கேட்டது ஜி.எம். பேத்தியின் பிறந்தநாள் வாழ்த்து குரூப்பில். செக்யூரிட்டி லாரி நம்பரை அனுப்பினது தீபாவளி ஸ்வீட் குரூப்பில், அந்த குரூப்பை யாரும் இன்னும் கலைக்கவில்லை, கலைத்தால் அடுத்த வருஷம் ஸ்வீட் கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கட்டிங் குரூப் என்று ஒன்று, கட்டிங் அவசரம் என்று ஒன்று, கட்டிங் அவசரம் புதியது என்று ஒன்று, ஏனென்றால் பழையதற்கு அட்மினாக இருந்தவர் வேலையை விட்டுப் போய் அவிநாசியில் பேக்கரி வைத்துவிட்டார், அவர் இன்னமும் உள்ளே உட்கார்ந்துகொண்டு நம் துணியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். கணக்கு ஆப் கணக்கு சாஃப்ட்வேரோடு ஓசியில் வந்தது, ஓசியில் வந்ததை ஏன் விட வேண்டும் என்று அக்கவுண்டன்ட் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மாப்பிள்ளை ஆப் முதலாளியின் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து வாங்கிக் கொடுத்தது, அதற்கு அழகான ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு, ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை, மாப்பிள்ளையில் போட்டாச்சுங்க, மாப்பிள்ளை திறக்க மாட்டேங்குதுங்க, மாப்பிள்ளை பாஸ்வேர்டு கேக்குதுங்க என்றுதான் பேச்சு. ஒருநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் போன் பண்ணி மெயில் பாருங்க என்றார். மெயிலைத் திறந்தால் வாட்ஸ்அப் பார்க்கவும் என்று இருந்தது. வாட்ஸ்அப்பில், விவரம் மாப்பிள்ளையில் உள்ளது. மாப்பிள்ளையைத் திறந்தால் நேரில் பேசவும். அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கு அடுத்த அறையில். சுவரை இடித்துக்கொண்டு போய்க் கேட்கலாம் போல இருந்தது. வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், ஹாலில் உட்கார்ந்துகொண்டு மோகன் சமையலறைக்கு அனுப்புகிறான், டீ என்று. கட்டின புருஷன். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அவள் டீ போடாமலே இருந்தாள், அவன் கட்டைவிரலை நம்பி அரைமணி நேரம் காத்திருந்தான்.

நான்கு கட்டத்துக்கும் கீழே ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு வரக்கூடாது என்றுதான் கண் இவ்வளவு நேரம் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் பல்லிடுக்கில் மாட்டின தேங்காய் நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி திரும்பத் திரும்ப அங்கேதான் போயிற்று. ஏற்கெனவே அறிவித்தபடி, துணி மற்றும் கலர் சம்பந்தமான அவசரத் தகவல்களைப் போனில் பேசி மட்டுமே தெரிவிக்க வேண்டும். வரி நல்ல வரி. நியாயமான வரி. முதல் வார்த்தைதான். ஏற்கெனவே. எப்போது அறிவித்தோம். யார் அறிவித்தது. எதில். நேற்று சாயங்காலம் ஜி.எம். வேலுச்சாமி அவள் மேஜைக்கே வந்து, அவர் யார் மேஜைக்கும் வருகிற ஆள் இல்லை, வந்து நின்றுகொண்டு இந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கே, கீழே மட்டும் ஏற்கெனவே அறிவித்தபடின்னு ஒண்ணு சேர்த்துரும்மா என்றார். எதுக்குங்க சார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, தெரியும். ஸ்டோரில் துணி ரோல்களைச் சரிபார்க்கிற தினகரனை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். கடிதம் தயார், இந்தப் பக்கம் எல்லாருக்கும் போனதும் இதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் கையில் கொடுக்கப்படும். ஏற்கெனவே அறிவித்திருந்தும் தாங்கள் தவறான இடத்தில் தகவல் தெரிவித்ததால். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை இருந்தால் அவர் குற்றவாளி, இல்லாவிட்டால் கடிதத்துக்குக் கால் இல்லை. வெறும் வேலை போனால்கூடப் பரவாயில்லை, இன்னொரு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கலர் மாறினதைச் சொல்லாமல் விட்டவன் என்ற பேரோடு வெளியே போனால் இந்த ஊரில் எந்த ஸ்டோரிலும் கால் வைக்க முடியாது, ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் போகிற நேரத்தில் பேர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நீலம். எல்லாம் அந்த நீலத்தால் வந்தது. குழந்தைகளுக்கான டீ ஷர்ட், ஆடி முடிகிற சமயத்தில் கட்டிங் போனது. உடம்புக்கு ஒரு லாட் துணி, கைக்கு வேறொரு தடவை சாயம் போட்ட இன்னொரு லாட். வெளிச்சத்தில் பிடித்தால் கை மட்டும் லேசாக ஊதா அடிக்கிறது. தைத்து, மடித்து, அனுப்பி, கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே வாங்கின பையரிடமிருந்து ஒரு புகார் மெயில் வந்தது, அந்த மெயிலை மட்டும் எல்லாரும் உடனே திறந்தார்கள்.

கதவு திறந்தது. தினகரன்தான். வேறு யார் சொன்ன நேரத்துக்கு வருவார்கள். நாற்பதைத் தாண்டின ஆள், சட்டையில் எப்போதும் ஒரு நூல் துணுக்கு, கையில் போன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, வரலாமுங்களா மேடம் என்றார். அவர் வரலாமா என்று கேட்டால் அவளுக்கு எரிச்சல் வரும், எப்போதுமே வரும், இன்றைக்கு எரிச்சலோடு வேறு என்னவோ சேர்ந்து வந்தது. வாங்க தினகரன் அண்ணா என்றாள். அவர் முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டிப் போய்ச் சுவரோரத்தில், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாளியை எட்டிப் பார்த்து, நிரம்பீருச்சுங்களே, கொட்டிட்டு வரட்டுங்களா என்றார். வேண்டாங்கண்ணா, இருங்க என்றாள். சும்மா இருக்க மாட்டார் மனுஷன். மாப்பிள்ளை ஆப் வந்த புதிதில் பிரிவு பிரிவாகக் கூப்பிட்டு அவள் பாடம் எடுத்தபோது, எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு போனைப் பற்றிய பாடத்தைக் கேட்டார்கள், இவர் ஒருத்தர்தான் கையைத் தூக்கிக் கையைத் தூக்கி அவள் உயிரை எடுத்தார். போட்டோ எப்படிங்க அனுப்பறது, அனுப்பினா யாரு பாத்தாங்கன்னு தெரியுமுங்களா, பாத்துட்டுப் பதில் சொல்லலைன்னா என்னங்க அர்த்தம். அதற்குப் பிறகு தினமும் எதையாவது போட்டார். எரியாத டியூப் லைட், ஒழுகுகிற குழாய், கேன்டீன் சாம்பாரில் மிதந்த ஒரு ஸ்டேப்ளர் பின். ஒவ்வொன்றுக்கும் வணக்கம் என்று ஆரம்பித்து நன்றி என்று முடித்து, கடிதம் எழுதுகிற மாதிரி. இவரை யார் இதையெல்லாம் போடச் சொன்னது என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். யார் சொன்னது. சுகந்திதான் சொன்னாள். வேலை நடக்கிற இடத்தில் பார்க்கிற எந்த விஷயத்தையும் போட்டோவோடு மாப்பிள்ளையில் போடுங்கள் என்று, இதே அறையில், இதே சுவருக்கு முன்னால் நின்று. இந்தக் கம்பெனியில் அவள் பேச்சைக் கேட்டு நடந்தது ஒரே ஒருத்தர், அவரைத்தான் இப்போது அனுப்புகிறார்கள். தினகரன் சுவரில் இருந்த பக்கத்தை மெதுவாக வாய்க்குள் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உதடு நின்றது. பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்த நீலத் துணிய நான் போட்டது சரியான எடந்தானுங்களே?"

அவள் வயரைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். சரியான இடம்தான் அண்ணா, நான் சொல்லிக் கொடுத்த இடம்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு, ஆனால் அந்த ஒரு மூச்சு வரவில்லை. மீட்டிங்குல பேசலாங்கண்ணா என்று வயரைப் பார்த்துச் சொன்னாள். சரிங்க என்றார். சரிங்க என்று மனுஷர்கள் சொல்வதே சில சமயம் அடிக்கிற மாதிரி இருக்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு அவளும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம், உங்களை யாருங்க சாம்பார் படமெல்லாம் போடச் சொன்னது, பத்து வெட்டி விஷயத்துக்கு நடுவில் ஒரு நல்ல விஷயத்தைப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று. ஆனால் பார்த்தார்கள். அதுதானே வயிற்றெரிச்சல், பார்த்தார்கள். வணக்கம், புதிதாக வந்த நீலத் துணியில் கலர் கொஞ்சம் மாறுகிறது, போட்டோ இணைத்துள்ளேன், கட்டிங்குக்குக் கொடுக்கலாமா, நன்றி. மறுப்பு வராவிட்டால் கட்டிங்குக்குக் கொடுத்துவிடுவது இந்தக் கம்பெனியில் நடைமுறை. செய்திக்குக் கீழே பார்த்தவர்கள் என்ற இடத்தில் ஒருத்தர் பேரும் இல்லை, பூஜ்யம், விசாரணையில் ஜி.எம். அதைத்தான் பெரிசாகக் காட்டினார், பாருங்க, ஒருத்தரும் பாக்காத எடத்துல கொண்டுபோய்ப் போட்டிருக்காரு என்று. பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். போனைத் திறக்காமல், மேலே ஒரு பட்டையில் செய்தி எட்டிப் பார்க்குமே, அதிலேயே படித்துக்கொள்வது. திறந்தால் பார்த்ததாக விழுந்துவிடும், பார்த்தவன் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னவன் பொறுப்பு. அதனால் திறப்பதில்லை. ஜி.எம். முதலில் திறந்து ஏதாவது சொல்லட்டும், பிறகு ஓக்கே சார் என்று எல்லாரும் வரிசையாக வருவோம், அவரும் திறக்கமாட்டார், அவர் முதலாளிக்காகக் காத்திருப்பார். விரலை மெதுவாகப் பட்டை மேல் வைத்து இழுத்து நீளமாக்கிக் கடைசி வரை படித்துவிட்டுப் பக்குவமாக மேலே தள்ளிவிடுவது, இதற்கென்று யாரும் பாடம் எடுக்கவில்லை, எல்லாருக்கும் தானாக வந்துவிட்டது. ஜெசிந்தா அதில் கெட்டிக்காரி. பையரோடு பேசி அந்த ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர், பத்து வருஷமாகக் கேன்டீனில் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள், அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாளே. அந்த நீலம் பாத்தியா சுகந்தி, கை ஒரு கலரு ஒடம்பு ஒரு கலரு. பாத்தேன் என்றாள் இவள். நீ தொறந்தியா. நான் எதுக்குத் தொறக்கறேன், துணிக்கும் எனக்கும் என்ன. நானும் தொறக்கலைப்பா, தொறந்தா நாந்தான் பையருக்குப் பதில் சொல்லணும், மொதல்ல யாராச்சும் தொறக்கட்டும். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாழைக்காய் வறுவலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பக்கத்து மேஜையிலும் நீலம் என்று யாரோ பேசினது காதில் விழுந்தது, அதையும் யாரும் திறக்கவில்லை.

ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம், மேடம் ஃபேன் போடலாமா, மேடம் டீ உண்டா, மேடம் இது சீக்கிரம் முடியுமா. போன்களை மேஜை மேல் வைத்தார்கள், சாப்பாட்டு இலை போடுகிற மாதிரி ஆளுக்கொன்று. ஜெசிந்தா வந்து இவளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்டுவிட்டு, பின்னால் தினகரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சுகந்தி துப்பட்டா நூலை இழுத்தாள், இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. என்னால் என்ன செய்ய முடியும். வார்த்தை என்னுடையது இல்லை, ஜி.எம். சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். மாதச் சம்பளக்காரி. எழுந்து நின்று இது பொய் என்று சொன்னால் நாளைக்கு இந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து வயர் மாட்டிக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அதுதான் பயமாக இருந்தது, ஒன்றுமே ஆகாது, எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போவார்கள். திறக்காத வரைக்கும் நடக்கவில்லை. இதை எங்கே படித்தாள், எங்கேயும் படிக்கவில்லை, அது அவளுக்குள்ளேயே இருக்கிறது. போன வருஷம் அண்ணன் பையனுக்குக் காது குத்து முடிந்த மறுநாள், குடும்ப குரூப்பில் வாழ்த்துகளும் போட்டோக்களும் கொட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு பட்டை வந்தது. அப்பாவுக்குக் காலைல இருந்து, அவ்வளவுதான் தெரிந்தது, மிச்சத்துக்கு இடம் பற்றவில்லை. காலையிலிருந்து என்ன. இருமலாக இருக்கும். சுகர் மாத்திரை தீர்ந்திருக்கும். அவள் போனைக் குப்புற வைத்துவிட்டு அரிசி களைந்தாள், குக்கரில் வைத்தாள், ரசத்துக்குப் புளி கரைத்தாள், கையெல்லாம் புளியாக இருக்கிறதே எப்படித் திறப்பது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், கையைக் கழுவின பிறகும் சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் முழுக்க அவளுக்குத் தெரியும், தெரியாமலும் இருந்தது. குக்கர் விசில் அடங்கின பிறகுதான் திறந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றாம். அவள் உடனே திறந்திருந்தாலும் அப்பாவுக்கு ஒன்றும் மாறியிருக்காது, டாக்டரே சொன்னார். இன்றைக்கும் அப்பா பேசினால் பாதி வார்த்தை நாக்கிலேயே தங்கிவிடுகிறது, அவள் பக்கத்தில் குனிந்து என்னங்கப்பா என்னங்கப்பா என்று கேட்க வேண்டியிருக்கிறது, கேட்கும்போதெல்லாம் ரசப் புளி வாசனை வருகிறது.

ஜி.எம். வந்தார். எல்லாரும் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார்கள். முதலாளி வரலைங்க, மாப்பிள்ளை ஏர்போர்ட் போறாரு, நாமளே முடிச்சுக்கலாம் என்று சொல்லித் தலைப்பக்க நாற்காலியில் சாய்ந்து போனை மேஜை மேல் குப்புறக் கவிழ்த்தார். குப்புற. அந்தப் போன் கவிழ்ந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தலைக்குள் ஏதோ புழுங்கிற்று, கோபமா அழுகையா தெரியவில்லை, கோபம்தான், நல்ல முழுக் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் மேலா, ஜெசிந்தா மேலா, பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையன் மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த மனுஷன் மேலா. இத்தனை பேர் இத்தனை வருஷமாக அவளிடம் வந்து கேட்டது ஒரே கேள்விதான், எதில் போடுவது, எதில் போடுவது, எதில் போடுவது. அவளும் பைத்தியக்காரி மாதிரி கட்டம் போட்டு, கலர் அடித்து, அம்புக்குறி வரைந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதில் போட்டால் என்ன. நான்கு என்ன, நாற்பது வாசல் வைத்தாலும் தட்டினால் உள்ளே இருந்துகொண்டே ஆள் இல்லை என்கிறவர்களுக்கு எந்தக் கட்டம் போட்டுக் காட்டுவது. கோவிலில் கூட்டத்தில் யாரோ மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்களே, தண்ணி, தண்ணி என்று எல்லாரும் சொல்லுவார்கள், ஒருத்தரும் நகரமாட்டார்கள், அங்கேயும் இப்படித்தான். அவள் மட்டும் நகர்ந்தாளா. துணிக்கும் எனக்கும் என்ன. வாழைக்காய் வறுவல் மொறுமொறுவென்று இருந்தது அன்றைக்கு.

ஆரம்பிக்கலாம்மா என்றார் ஜி.எம். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கட்டத்தைப் படித்தாள், மெயில், வெளி ஆட்களுக்கு. இரண்டாவதைப் படித்தாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. மூன்றாவது, நான்காவது. இனி ஒரு வரிதான். ஏற்கெனவே. அவள் வாயைத் திறந்தாள், அது வரவில்லை, அப்பாவின் நாக்கில் தங்குகிற மாதிரி அங்கேயே தங்கிற்று. அறையில் ஒருத்தர் இருமினார். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் பக்கத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மாப்பிள்ளை ஆப்பைத் திறந்தாள், சுவர் முழுக்க அது விரிந்தது, இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்துவிட்டு எழுதினாள். நீலத் துணியின் கலர் மாறுகிறது என்று தினகரன் அனுப்பிய செய்தியை அன்றைக்கே நான் படித்தேன். திறக்கவில்லை. நீங்களும் படித்தீர்கள். அனுப்பு என்பதை அழுத்தினாள். அதையே எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டாள், கணக்கு ஆப்பிலும் மெயிலிலும்கூடப் போட்டாள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

மேஜை மேலிருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. எல்லார் கண்ணும் கீழே போயிற்று, நின்றது, மேலே வந்தது. ஒரு விரலும் நகரவில்லை. சுவரில் செய்திக்குக் கீழே பார்த்தவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம். எல்லாரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். வேலை போயிற்று, எல்லாம் போயிற்று, மோகனிடம் என்ன சொல்வது. அப்போது பூஜ்யம் மாறி ஒன்று ஆயிற்று. பேர் வந்தது. தினகரன். பின்னால் வாளிக்குப் பக்கத்தில் அவர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் மெல்ல அடித்துக்கொண்டிருந்தார், அடித்து முடிக்கிற வரைக்கும் அறை முழுக்கக் காத்திருந்தது, பிறகு அது சுவரில் வந்து விழுந்தது. வணக்கம் மேடம். செய்தி கிடைத்தது. நன்றி. யாரோ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியிலேயே அறுந்துபோயிற்று.

"என்ன சுகந்தி இது? மீட்டிங்க ஆரம்பிக்கச் சொன்னா."

"ஆரம்பிச்சாச்சுங்க சார்."

ஜி.எம். கவிழ்ந்த போன் மேல் கையை வைத்துக்கொண்டார். ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. செயினை விட்டுவிட்டு அந்தக் கையால் போனை எடுத்தாள், எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள், சுகந்திக்கு அவள் மேல் இருந்த பத்து வருஷப் பாசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தது, திறடி, திறந்து தொலை, பையருக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்லிக்கொள்ளலாம். ஒன்று இரண்டாயிற்று. நான் படிச்சேனுங்க சார், அன்னைக்கே படிச்சேன் என்று ஜெசிந்தா மேஜைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், குரல் சின்னதாக இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. கட்டிங் மாஸ்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டே போனைத் திறந்தார். இரண்டு மூன்றாயிற்று. அதற்கு மேல் உடனே ஏறவில்லை, ஏறாமலும் போகலாம், ஜி.எம். கை போன் மேலேயே இருந்தது. பின்னாலிருந்து தினகரன் எழுந்து, நிரம்பிவிட்ட வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சிந்தாமல் மெல்ல நடந்து கதவைத் தாண்டி வெளியே போனார். சுகந்தி ஓரத்தில் தள்ளியிருந்த பக்கத்தைத் திரும்பவும் சுவருக்குக் கொண்டுவந்தாள், கடைசி வரியின் தலையில் கர்சரை வைத்தாள். சின்ன வார்த்தைதான், அதையும் அதன் வாலில் இருந்த அறிவித்தபடியையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.